அந்திவேளைக் கூலி

அரசு என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் நெஞ்சில் முதற்கண் எழுவது எல்லை. அதனை அடுத்து எழுவன கருவூலமும் படையும் சட்டமும். எல்லையில்லாத அரசை எண்ணிப் பார்ப்பதே நமக்கு அரிது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் கலிலேயா நாட்டின் ஏரிக்கரையிலும் சிற்றூர்களிலும் நடந்து திரிந்து போதித்த நாசரேத்து இயேசுவோ, தம் போதனையின் நடுப்பொருளாக ஓர் அரசையே வைத்தார். ஆனால் அதன் எல்லையை அவர் வரைந்து காட்டவில்லை; சட்டங்களைத் தொகுத்து அளிக்கவில்லை; இலக்கணம் வகுக்கவுமில்லை. அது எதைப் போன்றது என்று மட்டும் சொன்னார். கடுகு விதை, மாவில் கலந்த புளிப்பு, வயலிற் புதைந்த செல்வம், விலையுயர்ந்த முத்து, கடலில் வீசிய வலை, திருமண விருந்து, திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் ஆகிய இவையே அவ்வரசுக்கு அவர் தீட்டிய சித்திரங்கள்.

கடவுளின் அரசு என்பது யாது? இறந்தபின் நல்லோர் சென்று சேரும் ஓர் இடமா? அன்றி, இவ்வுலகிலேயே நிகழும் ஒரு செயலா? அதனுள் புகுவார் யார்? வெளியே நிற்பார் யார்? இவ்வினாக்கள் கிறித்தவர்க்கு மட்டுமே உரியன அல்ல. நீதி என்பது தகுதியை அளந்து கொடுப்பதா, தேவையை அறிந்து கொடுப்பதா என்னும் பழைய வழக்கு அவற்றுள் அடங்கிக் கிடக்கிறது. நான் இறையியல் கற்றவன் அல்லன். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கும் பதிவேடுகளுக்கும் நடுவே காலம் கழிக்கும் எழுத்தன். ஆயினும் மேற்கூறிய உவமைகளுள் ஒன்று கூலியையும் மூப்பையும் பற்றியது. எம்போன்றோரின் மேசைக்கே வந்து நின்று வழக்குரைப்பது. அதனை நடுவாக வைத்து இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இவ்வரசைக் குறிக்கும் சொல் 'பசிலேயா' என்பது. இயேசு பேசிய அரமேய மொழியில் அதற்கு நேரான சொல் 'மல்கூத்தா'. இவ்விரண்டும் ஆளப்படும் நிலப்பரப்பைக் காட்டிலும் ஆளுதலாகிய செயலையே முதன்மையாகக் குறிப்பன என்று அறிஞர் கூறுவர். மத்தேயு தம் நற்செய்தியில் பெரும்பாலும் 'விண்ணரசு' என்றே எழுதுகிறார். மாற்கும் லூக்காவும் 'கடவுளின் அரசு' என்கின்றனர். பொருள் ஒன்றே. இறைவன் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் யூத மரபையொட்டி மத்தேயு இவ்வாறு எழுதினார் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆனால் 'விண்' என்ற சொல் வந்துவிட்டமையால், அவ்வரசு மேகங்களுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஓர் ஊர் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் எளிதில் வேரூன்றிவிட்டது.

தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அதன் வழியில் வந்த மொழிபெயர்ப்புகளுள் வீடுதோறும் வழங்கிய பழைய பதிப்பில் 'தேவனுடைய ராஜ்யம்', 'பரலோகராஜ்யம்' என்னும் தொடர்கள் நிலைபெற்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் மாற்கு, லூக்கா நூல்களில் 'இறையாட்சி' என்னும் சொல்லை ஆண்டது. ராஜ்யம் நாட்டை நினைவூட்டும். ஆட்சி செயலை நினைவூட்டும். ஒரு சொல் மாறியதால் ஒரு கருத்து தன் பழைய பொருளை மீண்டும் அடைந்தது என்றே கூறலாம்.

'இறை' என்னும் நம் சொல்லும் எண்ணி மகிழத்தக்கது. அது கடவுளையும் குறிக்கும், மன்னனையும் குறிக்கும். வள்ளுவர் 'இறைமாட்சி' என்று தலைப்பிட்டுப் பேசுவது கடவுளைப் பற்றியன்று, அரசனைப் பற்றியே. அச்சொல்லுக்கு வரி என்னும் பொருளும் உண்டு. வரி நீக்கிய நிலத்தை 'இறையிலி' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. கடவுள், மன்னன், வரி ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி, கொள்ளுதலையும் கொடுத்தலையும் ஆட்சியினின்று பிரித்துப் பார்க்கவில்லை போலும். அங்ஙனமாயின் இறையாட்சியின் தன்மையை அறிய வேண்டுவோர், அங்கு யாருக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்று கேட்பதில் தவறில்லை.

இறைவன் பெயரால் ஓர் அரசு

இவ்வினாவைத் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குத் தனிப்பொருள் உண்டு. வேணாட்டை விரித்துத் திருவிதாங்கூர் நாட்டை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மா, 1750ஆம் ஆண்டு ஜனவரியில் தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக ஒப்படைத்தார். அன்றுமுதல் அவரும் அவர்வழி வந்தோரும் தம்மைப் 'பத்மநாப தாசர்' என்றே அழைத்துக்கொண்டு, இறைவனின் ஊழியராக நின்று ஆண்டனர். 1949 ஜூலை முதல் நாளில் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணையும்வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், இந்நாடு பெயரளவிலேனும் கடவுளின் அரசாகவே விளங்கியது.

நாடு என்னுடையது அன்று, இறைவனுடையது என்று ஒரு மன்னன் சொல்வது சிறிய செய்தியன்று. உரிமை என்னும் செருக்கைக் கழற்றி வைத்துப் பொறுப்பு என்னும் சுமையை ஏற்றுக்கொள்ளும் சொல் அது. ஆனால் இறைவனுடையது எனப் பெயரிட்டமையால் மட்டும் ஒரு நாடு இறையாட்சி ஆகிவிடுமா? அந்நாட்டிலேயே அடிமை முறை 1855ஆம் ஆண்டின் அரச ஆணை வரை நீடித்தது. தெற்கே நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமதிப்பும் பட்டு, 1859இல்தான் ஓரளவு வெற்றி கண்டனர். கோயிலின் சுற்றுத் தெருக்களிலேயே நடக்க இயலாதோர் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தனர். இறைவன் பெயரால் ஆளப்பட்ட நாட்டில், இறைவன் சந்நிதிக்கு மிகத் தொலைவில் நின்றவர் யாவர் என்று நோக்கினால் வினாவின் கூர்மை புலனாகும்.

இது திருவிதாங்கூருக்கு மட்டும் உரிய குறை அன்று. கடவுளின் அரசைப் பறைசாற்றிய திருச்சபைகளின் வரலாற்றிலும் இதே முரண்பாட்டைக் காணலாம்; அதனைப் பின்னர்க் காண்போம். இப்போது நமக்கு வேண்டுவது ஓர் உரைகல். பெயரால் இறையாட்சி ஆவதற்கும் செயலால் இறையாட்சி ஆவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் அவ்வுரைகல் உவமைகளுக்குள் கிடக்கிறது.

யாத்திரையும் விதையும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் மணிமுடியாகப் போற்றப்படுவது எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. 1894இல் வெளிவந்த அக்காவியத்தின் ஆசிரியர் இத்திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பது நமக்குப் பெருமை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவியது அது. அதன்கண் மனித உயிர் ஒரு யாத்திரிகன். நாச நகரை விட்டு நீங்கிப் பல இடர்களைக் கடந்து முத்தி நகரை அடைகிறது. இச்சித்திரத்தில் கடவுளின் அரசு வழியின் முடிவில் ஒளிரும் நகரம். துன்பத்தில் உழலும் உள்ளத்துக்கு இதைவிட ஆறுதல் தரும் காட்சி வேறு இல்லை.

ஆனால் இயேசுவின் உவமைகளில் நகரம் இல்லை, விதை உண்டு. யாத்திரையில் நாம் அரசை நோக்கிச் செல்கிறோம்; விதையின் உவமையிலோ அரசு நம்மை நோக்கி வருகிறது. உழவன் விதைத்துவிட்டு உறங்குகிறான், விழிக்கிறான். அவன் அறியாமலே நிலம் முளையையும் கதிரையும் ஈனுகிறது. ஒரு பெண் மூன்று படி மாவிற்குள் புளிப்பை மறைத்து வைக்கிறாள். மாவு முழுதும் பொங்குகிறது. இரண்டிலும் நிகழ்வது ஆரவாரமில்லாத செயல்.

தொல்காப்பியர் உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்து, வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளைக் கூறினார். இந்நான்கனுள் இறையரசு பற்றிய உவமைகள் எதன்பாற்படும்? கடுகின் வடிவமோ நிறமோ அரசுக்கு ஒப்பாகக் கூறப்படவில்லை. விதைத்தல், பொங்குதல், தேடுதல், விற்று வாங்குதல், அழைத்தல், கூலி கொடுத்தல் ஆகிய வினைகளே ஒப்பாகின்றன. எனவே அவை வினையுவமங்கள். இறையாட்சி ஓர் இடமாயின் உவமைகள் அதன் உருவைப் பாடியிருக்கும்; அது ஒரு செயல் ஆதலின் அவை வினையைப் பாடுகின்றன. 1935இல் இவ்வுவமைகளைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில அறிஞர் சி.எச். டாட், இயேசுவின் வருகையிலும் செயலிலும் அவ்வரசு வந்தே விட்டது என்று வாதிட்டார். இனித்தான் முழுமை பெறும் என்போரும் உளர். எவ்வாறாயினும், இன்று இங்கே தொடங்காத ஒன்றாக அதனைக் கருதுதல் உவமைகளுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

தோட்டத்துக்காரன் கணக்கு

இனி நம் நடுப்பொருளுக்கு வருவோம். மத்தேயுவின் இருபதாம் இயலில் அவ்வுவமை உள்ளது. திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று கூலியாட்களை அழைக்கிறான். நாள் ஒன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசப்படுகிறது. ஒரு குடும்பத்தின் அன்றைய உணவுக்குப் போதுமான கூலி அது. பின்னர் ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் அவன் மீண்டும் செல்கிறான், நின்றவர்களையெல்லாம் அனுப்புகிறான். மாலை ஐந்து மணிக்கு இறுதியாகச் செல்லும்போதும் சிலர் நிற்கின்றனர். ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கின்றனர். அவர்களும் தோட்டத்துக்குச் செல்கின்றனர்.

பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கும் வேளை வருகிறது. கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரை கொடுக்குமாறு தோட்டத்துக்காரன் தன் காரியக்காரனுக்குக் கட்டளையிடுகிறான். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கு ஒரு தெனாரியம். அதனைக் கண்ட முதலாட்கள் தமக்கு மிகுதி கிடைக்கும் என எண்ணுகின்றனர். அவர்களுக்கும் ஒரு தெனாரியமே. நாளெல்லாம் வெயிலில் வாடிய எங்களை இவர்களோடு சமமாக்கிவிட்டாயே என்று முணுமுணுக்கின்றனர். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டேன். உனக்கு அநீதி செய்யவில்லை. நான் நல்லவனாக இருப்பது உன் கண்ணுக்குப் பொறுக்கவில்லையா என்னும் கருத்தில் அவன் மறுமொழி அமைகிறது.

இக்கதையில் நாம் எளிதில் கவனியாமல் விடும் ஒன்று உண்டு. ஐந்து மணிக்கும் சந்தையில் எஞ்சி நிற்பவர் யாவர்? சோம்பேறிகள் என்று உரைப்பாரும் உளர். சோம்பேறி ஐந்து மணிவரை சந்தையில் நிற்பானா? வீட்டுக்குப் போயிருப்பான். இன்றும் கேரளத்து நாற்சந்திகளில் காலைவேளையில் அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் வேலைக்காகக் காத்து நிற்பதைக் காண்கிறோம். முதலில் அழைக்கப்படுவோர் தோள்வலி மிக்க இளைஞர், அடுத்து அறிமுகமானோர், எஞ்சுவோர் முதியவரும் மெலிந்தவரும் ஊருக்குப் புதியவரும். அவர்கள் வெயிலில் உழைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் இரவு வீட்டுக்கு என்ன கொண்டு செல்வது என்ற எண்ணத்தோடு நாள் முழுதும் வெயிலில் நின்றனர். உழைத்த களைப்பு ஒன்று. எவரும் அழையாத களைப்பு மற்றொன்று. இரண்டாவதற்குக் கணக்கேடுகளில் பத்தி இல்லை.

ஒரு மணி நேர உழைப்புக்கு முறைப்படி உரியது பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்பங்கை அந்தத் தொழிலாளியின் கையில் வைத்தால் கணக்கு நேராகும். அவன் பிள்ளைகள் பட்டினி கிடப்பர். ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் உயிர் அதனை நம்பியிருக்கிறது என்ற கருத்தை மோசேயின் சட்டமே வலியுறுத்துகிறது. தோட்டத்துக்காரன் அச்சட்டத்தின் உயிரைக் கண்டான். உழைப்பை அளந்து கூலியை முடிவு செய்யாமல், ஒரு மனிதனுக்கு ஒரு நாள் வாழ எவ்வளவு வேண்டும் என்பதை அளந்து முடிவு செய்தான்.

முதலாட்களின் வழக்கு

முதலில் வந்தோரின் முறையீட்டை நாம் இகழ்ந்து தள்ளுதல் கூடாது. அவர்கள் திருடரல்லர், நேர்மையாக உழைத்தவர்கள். எம்போன்ற அலுவலர் அவர்கள் பக்கமே இயல்பாகச் சாய்வோம். எங்கள் வாழ்வே பணிமூப்புப் பட்டியலில் அடங்கியது. ஊதியக் குழுவின் அறிக்கை வெளிவரும் நாளில் ஒவ்வொருவரும் தமக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு என்று பார்ப்பதுண்டு. பணியில் இளையவர் மூத்தவரைவிட மிகுதியாக ஊதியம் பெற நேர்ந்தால், குறித்த சில நிலைகளில் மூத்தவரின் ஊதியத்தை உயர்த்திச் சமமாக்குவதற்கு மத்திய அரசு விதிகளிலேயே இடம் உண்டு. அது நியாயமான விதிதான். ஆனால் கூலியின் அளவைக் காட்டிலும் ஒப்புநோக்கு மனிதனை எவ்வளவு வருத்துகிறது என்பதற்கு அவ்விதியே சான்று.

வலுவான எதிர்வாதம் ஒன்றும் உண்டு. மறுநாள் விடியற்காலையில் அத்தோட்டத்துக்கு எவன் வருவான்? ஐந்து மணிக்கு வந்தாலும் முழுக்கூலி என்று அறிந்தபின் எல்லோரும் ஐந்து மணிக்கே வாரார்களா? உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள பிணைப்பை அறுத்துவிட்டால் உலகியல் நடைபெறுமா? இவ்வாதத்துக்கு இரண்டு மறுமொழிகள் உள. ஒன்று, தோட்டத்துக்காரன் நீதியை அழிக்கவில்லை. பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. நீதி என்னும் தரையின் மேல் அருள் என்னும் கூரையை எழுப்பினான். தரையைப் பெயர்த்துக் கூரைக்குப் பயன்படுத்தியிருந்தால் முதலாட்களின் வழக்கு வென்றிருக்கும். மற்றொன்று, ஐந்து மணிவரை நிற்பதை எவனும் விரும்பித் தேர்வதில்லை. யாரும் அழையாமல் நிற்கும் அந்தப் பதினொரு மணி நேரத்தின் அச்சத்தைக் காலையிலேயே வேலை கிடைத்தவன் ஒருபோதும் அறியான். கூலி உறுதி என்ற நிம்மதியோடு உழைத்த அவனுக்கு, அந்த நிம்மதியே ஒரு முன்பணமாகக் கிடைத்துவிட்டது.

அப்படியாயின் முதலாட்களின் குறை யாது? அவர்கள் கூலி கேட்டது குறையன்று. தம் கையிலுள்ள காசைப் பாராமல் பிறன் கையிலுள்ள காசைப் பார்த்ததே குறை. மூலத்தில் தோட்டத்துக்காரன் கண்ணைப் பற்றியே பேசுகிறான். கண் தீயதாயிற்று என்பது அம்மொழி வழக்கு. நம் 'கண்ணேறு' என்ற சொல்லும் அதன் உறவே. தமிழில் 'பொறாமை' என்பதன் நேர்ப்பொருள் பொறுக்க இயலாமை. துன்பத்தைப் பொறுத்தவர்கள், வெயிலைப் பொறுத்தவர்கள், பிறன் பெற்ற நன்மையை மட்டும் பொறுக்க இயலாதவர் ஆயினர். வள்ளுவர் அழுக்காறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததும் இந்நோயின் வலிமை கருதியே அன்றோ?

ஆறு நாளில் அடைந்தவர்

நம் மரபுக்கு இக்கருத்து புதிதன்று. சேக்கிழார் பாடிய கண்ணப்ப நாயனார் வரலாற்றை இங்கே நினைவு கூர்தல் தகும். திருக்காளத்தியில் சிவகோசரியார் நெடுங்காலமாக ஆகம முறைப்படி வழிபட்டு வந்தவர். நம் உவமையில் விடியற்காலையில் வந்த ஆளுக்கு ஒப்பானவர். திண்ணனார் அந்திவேளையில் வந்தவர், முறை அறியாதவர், இறைச்சியைப் படைத்து, வாயில் கொணர்ந்த நீரால் திருமஞ்சனமாட்டியவர். ஆறே நாட்களில் அவர் இறைவனின் வலப்பக்கத்தே நிற்கும் பேறு பெற்றார். சிவகோசரியார் மனம் நொந்து முறையிட்டார்.

இறைவன் சிவகோசரியாரைக் கடிந்துகொள்ளவில்லை என்பதே இவ்வரலாற்றின் நுட்பம். மறைந்திருந்து பார்க்குமாறு கனவில் பணித்தார். அவர் பார்த்தார், கண்ணைப் பெயர்த்து அப்பும் அன்பைக் கண்டார். முதலில் வந்தவருக்கு வேண்டியது கூடுதல் கூலி அன்று. கடைசியில் வந்தவரை உள்ளவாறு காணும் கண். அது வாய்த்தபின் முணுமுணுப்பு நின்றுவிடுகிறது. நற்செய்தியின் முதலாட்கள் ஒருகால் அந்த மாலையில் ஐந்து மணி ஆளின் வீடுவரை அவனோடு நடந்து சென்றிருந்தால், அவன் பிள்ளைகள் வாசலில் நின்ற கோலத்தைக் கண்டிருந்தால், வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஒரு ரயில் பயணமும் அதன் விளைவும்

இவ்வுவமை ஏட்டில் உறங்கிக் கிடக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின், தோட்டத்துக்காரன் பேச்சிலிருந்தே தலைப்பைத் தேர்ந்து, 1860இல் ஓர் இதழில் நான்கு கட்டுரைகள் எழுதினார். கூலியைச் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு விட்டுவிடும் பொருளியலை அவர் கண்டித்தார். வாசகர் எதிர்ப்பால் தொடர் நிறுத்தப்பட்டது. 1862இல் அக்கட்டுரைகள் நூலாயின. 1904இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியடிகளின் கையில் நண்பர் போலாக் அந்நூலைக் கொடுத்தார். ரயிலில் அவர் அதனைக் கீழே வைக்கவில்லை. அன்றிரவு உறங்கவும் இல்லை. வழக்கறிஞர் உழைப்புக்கும் நாவிதர் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்ற கருத்து அவரை ஆட்கொண்டது.

அவ்வாண்டே டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. தமிழிலும் பகுதி வெளியிட்டு வந்த 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் அச்சகம் அங்கே பெயர்ந்தது. நிறமும் நாடும் பாராமல் தலைக்கு மாதம் 3 பவுன் என்பதே அங்கு வகுத்த ஊதியம். ஒரு தெனாரியம் 3 பவுனாக உருமாறி நின்றது எனலாம். 1908இல் ரஸ்கினின் நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது காந்தியடிகள் அதற்குச் 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். கடைசி ஆளைப் பற்றிய நூலுக்கு எல்லோர் நலம் என்று பெயர். ஏன்? கடைசி ஆளை விட்டுவிட்டு எண்ணும் எண்ணிக்கை ஒருபோதும் 'எல்லோர்' ஆகாது. அவனைச் சேர்த்த பின்னரே அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது.

விருந்தும் சுவரும்

கூலியைப் போலவே விருந்தும் இறையாட்சிக்கு இயேசு விரும்பி எடுத்த உவமை. லூக்கா கூறும் கதையில், அழைக்கப்பட்டோர் நிலம் வாங்கினேன், மாடு வாங்கினேன், மணம் செய்துகொண்டேன் என்று சாக்குக் கூற, தெருவிலும் சந்திலும் கிடந்த ஏழைகளும் ஊனமுற்றோரும் பந்தியை நிறைக்கின்றனர். யார் யாரோடு அமர்ந்து உண்பர் என்பது நம் நாட்டில் வெறும் உவமையன்று. சமுதாயத்தின் அடித்தளத்தையே அசைக்கும் வினா. தென் திருவிதாங்கூரில் சாமிதோப்பின் அய்யா வைகுண்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சமபந்தியை நிகழ்த்தினார். திருவனந்தபுரத்தில் சிறையும் கண்டார். இந்நகரிலேயே தைக்காடு அய்யா எனப்பட்ட தமிழ் யோகியின் பந்தியில் சாதி வேற்றுமை இன்றி யாவரும் அமர்ந்தனர் என்பர். இவர்கள் நற்செய்தி உவமையை விளக்க வந்தவர் அல்லர்; ஆயினும் அது சொன்ன செயலைச் செய்தவர்கள்.

மறுபுறம், அவ்வுவமையை ஞாயிறுதோறும் வாசித்தவர்கள் செய்தது என்ன? குமரி எல்லையை ஒட்டிய வடக்கன்குளத்தின் பெரிய ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூறுகளாகச் சாதிக்கு ஒன்றாய் மக்களைப் பிரித்து வைத்த சுவர் இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. விருந்துக்கு அழைத்தவன் ஒருவன். அழைக்கப்பட்டவர் நடுவே சுவர் எழுப்பியவர் வேறு. முதலாட்களின் முணுமுணுப்புக்குக் கல்லும் சுண்ணாம்பும் கிடைத்தால் அது சுவராகி விடுகிறது.

1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்து, எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்த பத்மநாபசுவாமி கோயிலுக்குள் தாமும் சென்றார். 1750இல் நாடு இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒப்படைப்பின் பொருளில் ஒரு பகுதியேனும் நிறைவேற 186 ஆண்டுகள் ஆயின. கடைசியில் நின்றவருக்குக் கதவு திறந்த நாளன்றோ இறைவன் பெயர் கொண்ட அரசு இறையாட்சியின் சாயலைப் பெற்றது! உரைகல் இதுவே: கடைசி ஆள் என்ன பெற்றான்?

காரியக்காரன் பங்கு

உவமையில் ஒரு வார்த்தையும் பேசாத ஒருவன் உண்டு, அவனே காரியக்காரன். திருவிதாங்கூர் ஆட்சியிலும் வட்ட அலுவலர்க்குக் காரியக்காரர் என்ற பெயர் வழங்கியது. அரசு ஊழியனாகிய நான் அக்கதையில் என் இனத்தானைத் தேடினால் அவனையே காண்கிறேன். பணம் அவனுடையதன்று, ஆகவே அவன் வள்ளல் ஆக இயலாது. பொதுப் பணத்தை விருப்பம்போல் வாரி வழங்குதல் அருளன்று, முறைகேடு. எனினும் அவனிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டுள்ளது: பொழுது சாயுமுன் கொடுத்தல், கடைசி ஆளிலிருந்து தொடங்குதல்.

நம் அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு எல்லாத் தொழிலாளர்க்கும் வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. தெனாரியம் எவ்வளவு என்று முடிவு செய்வோர் சட்டமன்றங்களில் உளர். அது உரியவன் கையை எப்போது அடைகிறது என்பதோ பெரும்பாலும் எம்போன்ற காரியக்காரரைப் பொறுத்தது. கைம்பெண் ஒருத்தியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு மேசையில் ஒரு திங்கள் உறங்கினால், அவள் வீட்டில் முப்பது முறை பொழுது சாய்கிறது. கொடுக்கும்போது முகம் சுளித்தால், தோட்டத்துக்காரனின் கொடையில் பாதியைக் காரியக்காரன் கெடுத்தவன் ஆகிறான். முதலாட்களின் முணுமுணுப்பைக் கேட்டு அவன் வரிசையை மாற்றிவிட்டால், உவமையே நடந்திராது.

லூக்கா சொல்லும் மற்றோர் உவமையில், ஊதாரி மகன் திரும்பி வந்ததைக் கொண்டாடும் விருந்துக்குள் நுழைய மறுத்து மூத்தவன் வாசலில் நிற்கிறான். தந்தை வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்று கதை சொல்லவில்லை. கூலி பெற்ற முதலாட்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்றும் சொல்லப்படவில்லை. இறையாட்சியின் உவமைகள் இவ்வாறு வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றன. கதவை எவரும் சாத்தவில்லை. பாவியரும் ஏழையரும் பிந்தி வந்தோரும் உள்ளே அமர்ந்துவிட்டனர். வெளியே நிற்போர் நல்லவர்கள், உழைத்தவர்கள், கையில் கணக்கேடு வைத்திருப்போர். அவர்களைத் தடுப்பது அந்த ஏடு ஒன்றே. அதனை மூடி வைத்துவிட்டு உள்ளே செல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு; உணவு எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கிறது.